பாடசாலைச் சப்பாத்தின் செலவு

இலங்கையில் 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1993இல் சீருடைத் துணியும் இலவசமானது. சப்பாத்துச் செலவோ பெற்றோர் தலையிலேயே நின்றது. கிழக்குக் கரையிலுள்ள கல்முனைக்குடியின் மீனவக் குடும்பங்களுக்கு அது சிறு தொகையல்ல. வெள்ளைக் கென்வஸ் சப்பாத்தைக் கடற்கரை மணலும் உப்பும் அரித்துவிடும்: முதலில் சுண்டுவிரல் பக்கம் கிழியும், பிறகு அடி பிரியும். கிழியாமல் தப்பினாலும், வளரும் காலுக்கு ஆண்டு முடியுமுன்பே இறுகிவிடும். முள்ளிலிருந்தும் சூட்டிலிருந்தும் செருப்பே காலைக் காக்கும். ஆகவே சப்பாத்துக்குக் கொடுப்பதில் பெரும்பகுதி, சப்பாத்து அணிய வேண்டும் என்ற பாடசாலை ஒழுங்கு விதிக்கான விலைதான். அந்த விதிக்காக எந்தப் பிள்ளையும் வகுப்பை இழக்கக் கூடாது. 2022 பொருளாதார நெருக்கடியில் சப்பாத்து விலை கடுமையாக ஏறியது. பின்னர் மாணவர் தொகை குறைந்த பாடசாலைகள் முதலியவற்றின் பிள்ளைகளுக்கு அரசு 3000 ரூபா வவுச்சர் வழங்கியது. பெரிய பாடசாலைகளின் ஏழைப் பிள்ளைகள் பலருக்கு அது எட்டவில்லை.