தொழில் மாற்றம்: கொங்குப் பின்னலாடை வட்டாரத்தில் நிலவும் தவறான கருத்துகள்

தொழில் மாற்றம் என்பது ஒருவர் தாம் செய்துவரும் வேலையின் வகையையே மாற்றிக்கொள்வது. ஒரு பனியன் கம்பெனியிலிருந்து எதிர்த்த தெருக் கம்பெனிக்குப் போவது வெறும் வேலை மாற்றம். ஏர் பிடித்தவர் ஓவர்லாக் மெஷினில் உட்கார்வதும், டெய்லராக இருந்தவர் சொந்தமாக நாலு மெஷின் போடுவதும் தொழில் மாற்றம். திருப்பூர் மாவட்டத்தின் தென்பகுதியில், அமராவதி ஆற்றங்கரையில் உள்ள தாராபுரமும், அதைச் சுற்றியுள்ள குண்டடம், மூலனூர், வெள்ளகோவில் ஊர்களும் இதைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்து வருபவை. ஆனாலும் தொழில் மாறுவது பற்றிப் பேச்செடுத்தால், நடந்த கதைகளோடு ஒத்துவராத சில நம்பிக்கைகள் அங்கேயும் உறுதியாக நிற்கின்றன.

பின்னணி

ஆற்றுப் பாசனம் எட்டும் வயல்களை விட்டால் இவ்வட்டாரத்தில் பெரும்பகுதி வானம் பார்த்த பூமி. கிளுவை வேலி கட்டி, கொழுக்கட்டைப்புல் வளர்த்து, ஊடே வெள்வேல மரங்களை விட்டு வைத்திருக்கும் கொறங்காடுகள்தான் இதன் அடையாளம். காங்கேயம் மாடுகளும் செம்மறி ஆடுகளும் அதில் மேயும். மழை பொய்த்து, கிணறும் வறண்ட ஆண்டுகளில் வீட்டுக்கு ஒருவராவது வெளியே சம்பாதிக்கப் போக வேண்டியிருந்தது. ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தொலைவில் திருப்பூர் இருந்தது.

திருப்பூரில் பனியன் தொழில் சுதந்திரத்துக்கு முன்பே வேரூன்றிவிட்டது. 1978-ல் இத்தாலியிலிருந்து வெரோனா என்ற இறக்குமதியாளர் வெள்ளை டி-சர்ட் வாங்க வந்தது ஏற்றுமதிக்கான தொடக்கமாகச் சொல்லப்படுகிறது. 1990-ல் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் உருவானது. அதுவரை ஈரோடு மாவட்டத்தில் இருந்த தாராபுரம், 2009-ல் திருப்பூர் தனி மாவட்டமானபோது அதனுடன் சேர்ந்தது. கோப்புகளில் மாவட்டம் மாறுவதற்கு வெகு காலம் முன்பே வேலைக்குப் போகிறவர்களின் திசை மாறியிருந்தது.

தவறான கருத்து 1: பழையதை ஒரே நாளில் உதறிவிட்டுத்தான் புதியதில் இறங்க முடியும்

இந்த ஊரில் பிறந்தவர்களில் தொழில் மாறிப் பெரும்புகழ் பெற்றவர் நடிகர் நாகேஷ். 1933-ல் தாராபுரத்தில் பிறந்த அவர் சில்லறை வேலைகள் பலவற்றைப் பார்த்துவிட்டுச் சென்னையில் ரயில்வே எழுத்தரானார். நடிப்பு அவரிடம் வந்ததும் அந்த வேலையின் வழியாகத்தான். ரயில்வே ஊழியர்கள் போட்ட நாடகத்தில் வயிற்றுவலிக்காரராகச் சிறு வேடத்தில் வந்தார். விழாவுக்கு வந்திருந்த எம்.ஜி.ஆர். அவரைத் தனியாகக் குறிப்பிட்டுப் பாராட்டினார். ‘தாமரைக்குளம்’ (1959) படத்தில் முதன்முதலாகத் திரையில் தோன்றினார். ‘காதலிக்க நேரமில்லை’, ‘சர்வர் சுந்தரம்’ இரண்டும் வந்தது 1964-ல். முதல் படத்துக்கும் தமிழ்நாடு முழுக்கப் பெயர் தெரிந்ததற்கும் நடுவே ஐந்து ஆண்டுகள்.

ஓட்டல் சர்வர் ஒருவர் சினிமா நடிகராவதுதான் ‘சர்வர் சுந்தரம்’ கதை. அதை எழுதிய கே. பாலசந்தரும் அப்போது முழுநேரக் கலைஞர் இல்லை. சென்னை அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே மாலை வேளைகளில் நாடகம் போட்டுவந்தார். அவர் முதலில் இயக்கிய ‘நீர்க்குமிழி’ (1965) படத்துக்கும் நாகேஷ்தான் நாயகன்.

மேலாண்மைப் பேராசிரியர் ஹெர்மினியா இபாரா, 2003-ல் வெளிவந்த தம் நூலில் இதையே பொதுவாகச் சொல்கிறார். உட்கார்ந்து யோசித்து, முடிவெடுத்து, பிறகு மாறுகிறவர்கள் குறைவு. ஓரமாகச் சிறிது செய்து பார்த்து, புதிய ஆட்களோடு பழகி, அதிலிருந்தே முடிவுக்கு வருகிறவர்கள் அதிகம். பனியன் கம்பெனியில் இதற்கு ஏட்டுப் பாடம் தேவைப்படுவதில்லை. கைமடியாகச் சேரும் பெண் டெய்லரின் பக்கத்தில் நின்று துணியை எடுத்துக் கொடுப்பார், தைத்ததை அடுக்குவார், நூல் பிசிறு வெட்டுவார். சாப்பாட்டு நேரத்தில் மெஷின் சும்மா இருக்கும்போது வேஸ்ட் துணியை வைத்து நேராக ஓட்டிப் பார்ப்பார். துணி வளையாமல் கத்தி ஓரமாக ஓடத் தொடங்கியதும், ‘ஓவர்லாக் டெய்லர் தேவை’ என்று கம்பெனி வாசலில் தொங்கும் போர்டு அவருக்கும் பொருந்திவிடும். அதுவரை கைமடிச் சம்பளம் நின்றிருக்காது.

தவறான கருத்து 2: பழைய அனுபவம் வீண், எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்

1990களின் பிற்பகுதியில் திருப்பூரில் கள ஆய்வு செய்த புவியியலாளர் ஷரத் சாரி, தம் முடிவுகளை 2004-ல் நூலாக வெளியிட்டார். அவர் சந்தித்த முதலாளிகளில் கணிசமானோர் கொங்கு வேளாளக் கவுண்டர் குடும்பங்களில் பிறந்து, முதலில் பனியன் கம்பெனியில் கூலிக்கு நின்றவர்கள். ‘எப்படி வந்தீர்கள்?’ என்று கேட்டபோது அவர்கள் தந்த பதில் ‘உழைப்பு’. காட்டில் ஆளோடு ஆளாக இறங்கி வேலை செய்து, வேலையும் வாங்கிய பழக்கத்தைத்தான் அவர்கள் கம்பெனிக்கும் கொண்டுவந்தார்கள் என்பது சாரியின் வாதம்.

தொழில் துண்டு துண்டாகப் பிரிந்திருந்ததும் கைகொடுத்தது. நிட்டிங் ஓரிடம், சாயப்பட்டறை ஓரிடம், காஜா-பட்டன் வேறிடம், எம்ப்ராய்டரி இன்னோரிடம். முழு ஆலை கட்டாமலே, ஒரு மேஜையின் கீழே ஓடும் தண்டிலிருந்து பல தையல் மெஷின்களை இயக்கும் பவர் டேபிளை வைத்து ஜாப் ஒர்க் எடுக்கலாம். பஞ்சப்படி கேட்டு 1984-ல் 127 நாள் நடந்த வேலைநிறுத்தத்துக்குப் பின் இப்படி வெளியே கொடுத்து வாங்கும் முறை மேலும் பரவியது.

கோவையின் அருணாசலம் முருகானந்தம் 1990களின் இறுதியில் மலிவு விலை நாப்கின் செய்யப் புறப்பட்டபோது அதைப் பற்றி ஏதும் தெரியாதவர். நெசவாளர் வீட்டில் பிறந்து, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு, வெல்டிங் பட்டறையில் வேலை செய்துவந்தவர். கடைசியில் அவரை உயர்த்தியது நாப்கினைவிட, அதைச் செய்வதற்கு அவர் வடிவமைத்த எளிய இயந்திரம். பட்டறையில் இரும்பை வெட்டி ஒட்டிப் பழகிய கைக்குத்தான் அது சாத்தியம். 2016-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

தவறான கருத்து 3: துணிச்சல் இருந்தால் யாரும் மாறலாம்

வெற்றி பெற்றவர் வாயிலிருந்து கேட்டால் ‘உழைப்பு’ ஒன்றுதான் காரணமாகத் தெரியும். சாரியின் நூல் அதோடு நிற்கவில்லை. விற்பதற்கோ அடமானம் வைப்பதற்கோ ஒரு துண்டு நிலம், கூட்டுச் சேரும் பங்காளி, மாமன் மச்சான் வழியாகக் கிடைக்கும் கடன், ஜாப் ஒர்க் கொடுக்கும் சாதிக்காரர் என்று ஒரு வலை பின்னால் நின்றது. அதே ஆண்டுகளில், அதே மெஷினில், அதே ஒன்றரை ஷிப்ட் உழைத்த தலித் தொழிலாளிக்கும் பெண்களுக்கும் அந்த வலை எட்டவில்லை. முதலாளியானவர்களில் அவர்கள் மிகக் குறைவு.

ஆய்வாளர்கள் கிரேஸ் கார்ஸ்வெல்லும் கீர்ட் டி நேவும் திருப்பூரைச் சுற்றியுள்ள இரண்டு கிராமங்களை ஒப்பிட்டார்கள். ஒன்றிலிருந்து தலித் இளைஞர்கள் தினமும் பனியன் வேலைக்குப் போய்வந்தார்கள். விசைத்தறி நிறைந்த மற்றொன்றில் பலர் தறிக் கொட்டகையை விட்டு நகர முடியவில்லை. கல்யாணத்துக்கும் மருத்துவத்துக்கும் தறி உரிமையாளரிடம் வாங்கிய முன்பணம் அவர்களைக் கட்டி வைத்திருந்தது. பனியன் கம்பெனியில் சம்பளம் கூட என்பது அவர்களுக்கும் தெரியும். ஆனால் முன்பணத்தை அடைக்காமல் வேறு வேலைக்குப் போக முடியாது.

தவறான கருத்து 4: தொழில் மாற்றம் அவரவர் விருப்பம்

2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரை முழுமையாகச் சுத்திகரிக்காத திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகளின் மின் இணைப்பு துண்டிக்கப்பட்டது. சாயம் போட்டுப் பழகியவர்கள் அடுத்த வாரமே வேறு பிழைப்பு தேட வேண்டியதாயிற்று. அவர்களில் யாரும் சுயமுன்னேற்றப் புத்தகம் படித்துவிட்டுத் தொழில் மாறவில்லை.

வழக்கின் மறுபக்கமும் தொழில் இழந்த கதைதான். நொய்யல் ஆற்றின் குறுக்கே பாசனத்துக்கென்று கட்டப்பட்டு 1992-ல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவு தேங்கும் குட்டையானது. கீழ்ப்பகுதிக் கிணறுகளும் நிலங்களும் உப்பேறின. அங்கே வெள்ளாமையை விட்டவர்களும் மனம் மாறி விட்டவர்கள் இல்லை. அவர்கள் கூடிப் போட்ட வழக்கில்தான் இந்த உத்தரவு வந்தது.

2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது, பெருமளவில் அமெரிக்க ஆர்டர்களை நம்பியிருந்த திருப்பூரில் மீண்டும் அதே கேள்வி எழுந்தது: ஷிப்ட் குறைந்தால் டெய்லர் எங்கே போவார்?

தவறான கருத்து 5: வயது ஏறிவிட்டால், ஒருமுறை தோற்றுவிட்டால் கதை முடிந்தது

கோவை அருகே கலங்கலில் 1893-ல் பிறந்த ஜி.டி. நாயுடு, ஒரு மோட்டார் சைக்கிள் வாங்குவதற்காக ஓட்டலில் சர்வராக வேலை பார்த்தவர். பருத்தித் தொழிலில் சம்பாதித்ததைப் பம்பாய் வியாபாரத்தில் தோற்றார். 1920-ல் ஒரு பேருந்தை வைத்துப் பொள்ளாச்சி-பழனி பாதையில் தாமே ஓட்டத் தொடங்கியபோது அவருக்கு வயது 27. அது பின்னாளில் யு.எம்.எஸ். என்ற பெரும் போக்குவரத்து நிறுவனமாயிற்று. அங்கிருந்து மின் மோட்டார் தயாரிப்புக்கும் தொழிற்கல்விக்கும் போனார்.

நாகேஷும் நகைச்சுவையோடு நின்றுவிடவில்லை. ‘அபூர்வ சகோதரர்கள்’ (1989) படத்தில் வில்லனானார். ‘நம்மவர்’ (1994) படத்தில் மகளை இழந்த தகப்பனாக நடித்ததற்குச் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது கிடைத்தபோது அவர் அறுபதைக் கடந்திருந்தார்.

வயது தடையே இல்லை என்பதும் முழு உண்மையாகாது. அரசுத் தேர்வுகளுக்கு உச்ச வயது உண்டு. பீஸ் ரேட்டில் தைப்பவருக்குக் கண்பார்வை மங்க மங்க வருமானம் குறையும். அப்போது டெய்லர் செக்கிங்குக்கோ பேக்கிங்குக்கோ மாறுவதும் தொழில் மாற்றம்தான். சம்பளம் மட்டும் கீழே போகும்.

தவறான கருத்து 6: மாறினால் பி.எஃப். பணம் போய்விடும், எடுத்துவிடுவதே நல்லது

2014 முதல் ஒவ்வொரு பி.எஃப். உறுப்பினருக்கும் யூ.ஏ.என். என்ற 12 இலக்க எண் தரப்படுகிறது. கம்பெனி மாறினாலும் எண் மாறாது. பழைய கணக்கைப் புதியதோடு சேர்த்துக்கொள்ளலாம். ஓய்வூதியம் பெற மொத்தம் 10 ஆண்டுப் பணி வேண்டும். ஒவ்வொரு கம்பெனியை விடும்போதும் ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து எடுத்துவிடுகிறவர், அந்தப் 10 ஆண்டை ஒவ்வொரு முறையும் புதிதாக எண்ணத் தொடங்குகிறார்.

கிராஜுவிட்டி வேறு கணக்கு. பொதுவாக ஒரே நிறுவனத்தில் தொடர்ந்து ஐந்தாண்டு இருந்த நிரந்தரத் தொழிலாளிக்கு, ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் வீதம் அது கிடைக்கும். நாலரை ஆண்டில் கிளம்புகிறவர் அந்தத் தொகையை வாசலில் விட்டுவிட்டுப் போக நேரலாம் என்பதால், தேதி பார்த்து ராஜினாமா செய்வது லாபம்.

தவறான கருத்து 7: சராசரி மனிதர் வாழ்நாளில் ஏழு தொழில் மாறுகிறார்

மேடைப் பேச்சுகளில் அடிக்கடி வரும் இந்த எண்ணுக்கு அடிப்படை கிடையாது. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையே, தொழில் மாற்றங்களைத் தான் கணக்கிட்டதில்லை என்றும் எதைத் தொழில் மாற்றம் என்பது என்பதிலேயே ஒருமித்த கருத்து இல்லை என்றும் விளக்கியிருக்கிறது. அது எண்ணியது வேலைகளை. 1957 முதல் 1964 வரை பிறந்த அமெரிக்கர்கள் சராசரியாக 12-க்கும் மேற்பட்ட வேலைகளில் இருந்திருக்கிறார்கள். அவற்றில் ஏறக்குறைய பாதி 25 வயதுக்குள் பார்த்தவை.

இந்தியாவின் 2015-ம் ஆண்டுத் தேசியத் தொழில் வகைப்பாட்டைப் பனியன் கம்பெனியில் வைத்துப் பார்த்தால் சிக்கல் புரியும். கட்டிங் மாஸ்டர் 7532 என்ற பிரிவில் வருவார்; நிட்டிங் மெஷின் ஓட்டுபவர் 8152; தையல் மெஷினில் இருப்பவர் 8153. ஒரே கூரையின் கீழ் மேஜை மாறினாலே வேறு தொழிலாகிவிடும். கூலியாக இருந்த டெய்லர் சொந்தமாக மெஷின் போட்டுத் தானே தைத்தாலோ, எண் அப்படியே இருக்கும்.

தவறான கருத்து 8: திரும்பிப் போவது தோல்வி

2020 ஊரடங்கில் கம்பெனிகள் மூடப்பட்டபோது தாராபுரம் பக்கத்துத் தொழிலாளர்கள் பலருக்குப் போக இடம் இருந்தது. திருப்பூரில் ஆண்டுக்கணக்கில் தைத்தாலும் காட்டை அவர்கள் விற்றிருக்கவில்லை. மூலனூர்ப் பக்கம் முருங்கையும், கொறங்காட்டில் பட்டி ஆடுகளும், வீட்டில் இரண்டு மாடும் குடும்பத்தில் யாரோ ஒருவர் பார்வையில் நடந்துகொண்டேதான் இருந்தன. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நம்பி இவ்வட்டாரத்தில் எழுந்த காற்றாலைகளுக்கு நிலம் கொடுத்தவர்களிலும், மிச்ச நிலத்தில் ஆடு மேய்ப்பவர்கள் இருக்கிறார்கள். கம்பெனி திறந்ததும் பழையபடி காலை வேனில் ஏறியவர்களை, விவசாயத்தில் தோற்றவர்கள் என்றோ பனியனுக்குத் திரும்பியவர்கள் என்றோ பிரிப்பது கடினம்.

இந்த இரட்டை நிலையை மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பு ஏற்றுக்கொள்கிறது. ஆண்டின் பெரும்பகுதி செய்வது முதன்மைப் பணி. அதோடு 30 நாளுக்குக் குறையாமல் செய்வது துணைப் பணி. எட்டு மாதம் பேட்லாக் டெய்லராகவும், காய்ப்புக் காலத்தில் முருங்கை பறித்துச் சந்தைக்கு ஏற்றுபவராகவும் இருக்கும் ஒருவரின் பெயருக்கு நேரே இரண்டு தொழில்களும் பதிவாகும்.