பரம்பிக்குளம்: காட்டு வழி யாருக்காக?

பரம்பிக்குளம் பாலக்காடு மாவட்டத்துக் காடு. ஆயினும் அதற்குச் செல்லும் சாலை தமிழ்நாட்டில்தான் தொடங்குகிறது. சேத்துமடை, டாப்சிலிப் ஆகியவற்றைக் கடந்து ஆனைப்பாடிச் சோதனைச்சாவடியை அடைந்த பின்னரே கேரளம் வருகிறது. இதற்கு மலையமைப்பு மட்டுமே காரணமன்று. அக்காட்டில் வழிகள் யாருக்காக அமைக்கப்பட்டன என்ற வரலாறும் காரணமாகும்.

முதல் வழி மரத்திற்காக வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொச்சி சமஸ்தானம் அமைத்த காட்டு டிராம்வே, ஏறத்தாழ 80 கி.மீ. தொலைவு ஓடி, தேக்கு மரங்களைச் சாலக்குடிக்குக் கொண்டுசென்றது. பின்னர் அது கைவிடப்பட்டது.

அடுத்த வழி நீருக்காக. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தின் பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் அணைகள் கேரள மண்ணில் நிற்கின்றன. அவற்றைப் பராமரிப்பது தமிழ்நாடு. ஆகவே அணைகளுக்கான போக்குவரத்தும் கிழக்கிலிருந்தே அமைந்தது.

1973இல் சரணாலயமாகவும் 2010இல் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்ட இக்காட்டுக்கு இன்று பயணிகள் அதே சாலையில் வருகின்றனர். வனத்துறை வாகனத்தில், பழங்குடி வழிகாட்டியுடன், வரையறுத்த பாதையில் மட்டுமே அவர்கள் செல்ல இயலும். காட்டுக்கும் காடர், மலசர் குடும்பங்களின் வருவாய்க்கும் நன்மை தரும் ஏற்பாடு இது.

ஆனால் அம்மக்களின் சொந்த வழி எது? இங்குள்ள குடியிருப்புகளின் ஊராட்சி முதலமடை. தம் ஊராட்சி அலுவலகத்திற்குச் செல்லவே அவர்கள் தமிழ்நாட்டைச் சுற்றிவர வேண்டியிருந்தது. பெருந்தொற்றால் மாநில எல்லைகளில் கட்டுப்பாடுகள் நிலவிய 2020ஆம் ஆண்டின் அக்டோபரில், தேக்கடி என்னும் குடியிருப்பினர் (இது இடுக்கியின் தேக்கடி அன்று) செம்மணாம்பதிக்குத் தாமே பாதை வெட்டத் தொடங்கினர்.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இத்தகைய தேவையை முன்பே எண்ணிப்பார்த்துள்ளது. கிராமசபையின் பரிந்துரையுடன், ஒவ்வொரு பணிக்கும் ஒரு ஹெக்டேருக்கு உட்பட்ட வனநிலத்தைச் சாலை முதலிய பொது வசதிகளுக்கு ஒதுக்கலாம். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டலாகாது. உரிமைக்கும் காப்புக்கும் ஒருங்கே இடமளிக்கும் விதி இது.

பாதுகாக்கப்பட்ட காடுகளில் 'பொதுமக்கள் நுழைவு' குறித்த விவாதம் பெரும்பாலும் பயணிகளின் எண்ணிக்கையோடு நின்றுவிடுகிறது. மரத்திற்கும் நீருக்கும் பயணிக்கும் வழி கிடைத்த காட்டில், அங்கேயே வாழ்வோர் தம் வழியைத் தாமே வெட்ட நேர்ந்தது. அவ்விவாதம் தொடங்க வேண்டிய இடம் அதுவே.