யாருடைய கைவினை?

புதிய நகரத்துக்குப் போனால் அந்த ஊர்க் கைவினை பீரைத் தேடிப்பிடித்துக் குடிக்கிறதை ரசனை என்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குப் போகிறவர்களிடம் நான் வேறொன்று சொல்வேன்.

அங்கே கறுப்பினப் பெண்கள் சோளத்தை முளைகட்டி, புளிக்கவைத்து வீட்டிலேயே உட்ஷ்வாலா என்ற பீரைச் செய்து விற்றுப் பிழைத்தார்கள். 1908இல் வந்த நேட்டால் சட்டம், அந்த விற்பனையை நகராட்சி தன் ஏகபோகமாக்கிக்கொள்ள வழிசெய்தது. பெண்களின் தொழில் குற்றமாயிற்று. நகராட்சி பீர் ஹால்களின் லாபம் கறுப்பினத் தொழிலாளரைக் கட்டுப்படுத்தும் நிர்வாகத்துக்கே போனது. குடிக்கிறவன் காசிலேயே அவனுக்கு விலங்கு!

1959 ஜூனில் கேட்டோ மேனர் பெண்கள் கம்புகளோடு பீர் ஹால்களுக்குள் புகுந்து ஆண்களை விரட்டினார்கள். இதை மதுவிலக்குப் போராட்டம்னு வாசிச்சா தப்பு. பறிபோன பிழைப்பையும் வீட்டுக்கு வராத கூலியையும் அவர்கள் கேட்டார்கள்.

‘கைவினை’ என்ற சொல்லுக்கு இன்று கூடுதல் விலை. அதில் அந்தக் கைகளுக்கு என்ன பங்கு?