நாய்ச் சொறி (யாழ்ப்பாணக் குடாநாடு)

யாழ்ப்பாணத்தில் மயிர் உதிர்ந்த நாயையெல்லாம் சொறிநாய் என்று ஒதுக்கிவிடுவர்; ஆனால் மயிர் உதிரக் காரணமான நோய்கள் பல. தெள்ளுக்கடி ஒவ்வாமையெனில் அரிப்பு வாலடியிலும் இடுப்பிலும் மிகும். சார்கொப்டெஸ் சிற்றுண்ணி தோலுக்குள் துளையிட்டு முட்டையிடும். காதோரம், முழங்கை, அடிவயிறு முதலில் பழுதுபடும். காதுமடல் விளிம்பைத் தேய்த்தவுடன் நாய் பின்காலால் சொறிய முனைந்தால் ஐயம் வலுக்கும். வீட்டாருக்கும் சில நாள் கடி உண்டு. டெமோடெக்ஸ் என்னும் மற்றொரு சிற்றுண்ணி மனிதருக்குத் தொற்றாது. சீழ் பிடிக்காதவரை அரிப்பும் குறைவு. மிருக வைத்தியர் தோலைச் சுரண்டி நுணுக்குக்காட்டியில் பார்ப்பார். சார்கொப்டெஸ் பல வேளை அதில் அகப்படாது. அப்போது மருந்து கொடுத்துப் பார்ப்பதே சோதனை. அம்மருந்துகளில் ஒன்றான ஐவர்மெக்டின் கொலி இன நாய்களுக்கு ஆபத்தாகலாம். சொறிக்குப் பழைய எஞ்சின் ஒயில் பூசுவது வெறும் வதை: தோல் வெந்துபோகும், நக்கினால் நஞ்சு.