இணையத்தில் நம் பிள்ளைகள்: பெற்றோர் கவனத்திற்கு

ஆன்லைன் விளையாட்டில் அறிமுகமாகும் அந்நியர் முதலில் நட்பாகப் பேசுவார், பிறகு படம் கேட்பார், கிடைத்ததும் மிரட்டுவார். வீட்டில் சொன்னால் திட்டுவார்கள், செல்போனைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்தே பல பிள்ளைகள் வாய் திறப்பதில்லை. மிரட்டுபவருக்கு இந்தப் பயம்தான் பலம்.

கூகுளின் ‘ஃபேமிலி லிங்க்’ செயலி இலவசம். பிள்ளை எந்தச் செயலியைப் பதிவிறக்கலாம், எவ்வளவு நேரம் பயன்படுத்தலாம் என்பதை அதில் நீங்களே தீர்மானிக்கலாம். இன்ஸ்டாகிராம் கணக்குக்குக் குறைந்தபட்ச வயது 13. ஆனாலும், “என்ன நடந்தாலும் எங்களிடம் சொல், திட்ட மாட்டோம்” என்று நீங்கள் தரும் உறுதியே பெரிய பாதுகாப்பு.

மிரட்டல் வந்தால் பணம் கொடுக்காதீர்கள். மிரட்டல் செய்திகளை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, சைபர் குற்ற உதவி எண் 1930 அல்லது குழந்தைகள் உதவி எண் 1098-ஐ உடனே அழையுங்கள். தவறு மிரட்டியவருடையது, பிள்ளையுடையது அல்ல.