இம்மியும் இராமானுஜன் எண்ணும்

‘இம்மியளவும் பிசகக்கூடாது’ என்கிறோம். எண்சுவடிக் கணக்கில் இம்மிக்குத் துல்லியமான அளவு உண்டு: ஒன்றை 21,50,400 பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. 1915-இல் லண்டன் கணிதக் கழக இதழில் இராமானுஜன் ‘உயர் பகு எண்கள்’ பற்றி எழுதிய கட்டுரையின் அட்டவணையில் 21,62,160 வருகிறது. இரண்டுக்கும் வித்தியாசம் 11,760 மட்டுமே. இரண்டும் மீதியில்லாமல் பங்கு போட உதவும் எண்கள். ஆனால் பங்கு போடும் வழி வேறு.

இம்மியின் வழியைப் புதுக்கோட்டையின் அம்மன் காசில் பார்க்கலாம். ஒரு பக்கம் அமர்ந்த கோலத்தில் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் ‘விஜய’ என்ற எழுத்து. அவ்வளவுதான் அந்தச் சின்னச் செப்புக்காசு. நவராத்திரியில் அரிசியோடு சேர்த்துத் தானமாகக் கொடுத்தார்கள். 20 காசு ஓர் அணா, 16 அணா ஒரு ரூபாய். ஆக ரூபாய்க்கு 320 காசு. தமிழ்க் கணக்கில் பதினாறில் ஒன்று மாகாணி, இருபதில் ஒன்று மா. மாகாணியில் ஒரு மா, முந்திரி, அதாவது 1/320. அம்மன் காசு என்பது ரூபாயின் முந்திரி.

முந்திரியில் முந்திரி கீழ்முந்திரி, 1/1,02,400. அதை 21 கூறாக்கினால் இம்மி. எனவே 21,50,400-இல் 2 என்ற பகாக் காரணி பன்னிரண்டு முறையும், 5 இரண்டு முறையும், 3, 7 ஒவ்வொரு முறையும் இருக்கின்றன. இதன் வகுத்திகள் 156.

இராமானுஜனின் எண்ணில் 2 நான்கு முறை, 3 மூன்று முறை, 5, 7, 11, 13 ஒவ்வொரு முறை. வகுத்திகள் 320! அம்மன் காசின் அதே 320 இங்கே வந்து நிற்பது தற்செயல்தான். ஆனாலும் மனம் பூரிக்கிறது. இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை வகுத்திகள் இல்லை. உயர் பகு எண் என்பதன் பொருளே அதுதான்.

இப்போது இரண்டையும் வகுத்துப் பாருங்கள். 1 முதல் 16 வரை எந்த எண்ணாலும் 21,62,160 மீதியின்றி வகுபடும். இம்மியின் எண் 9, 11, 13 ஆகியவற்றிடம் தோற்றுவிடும். ஆனால் பாதி, பாதியில் பாதி என்று போனால் கதை மாறும். இராமானுஜனின் எண் நான்காவது பாதியில் 1,35,135 என்ற ஒற்றைப்படை எண்ணாகி நின்றுவிடும். இம்மியின் எண் பன்னிரண்டு முறை பாதியாகி 525-இல்தான் நிற்கும். அரை, கால், அரைக்கால், வீசம் என்று அளந்து விற்ற கடைவீதிக்கு வேண்டியது இந்தக் குணமே.

வகுத்திகளின் எண்ணிக்கையில் இராமானுஜன் எண்ணே பெரிது. பாதியாக்கும் பழக்கத்துக்கு இம்மியே பொருத்தம். 1957 முதல் நம் ரூபாய் 100 பைசா. 100-ஐ இரண்டு முறை பாதியாக்கினால் 25, அதோடு சரி. 320 காசு ஆறு முறை பாதியாகும். காரணிப்படுத்தல் நடத்தும் ஆசிரியர்கள் இந்த இரண்டு எண்களையும் கரும்பலகையில் அருகருகே எழுதி, பிள்ளைகளையே வகுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.