பைலா: சோடியாட்டத்தில் சொந்த அடி

பெரகல சந்தியில் அப்புத்தளைப் பக்கம் திரும்பாமல் ஏ4 வீதியிலேயே கொஸ்லந்தை, வெல்லவாய, மொனராகலை, பொத்துவில் என்று இறங்கினால் முடிவது மட்டக்களப்பில். அங்குள்ள போர்த்துக்கேயப் பறங்கியரின் கலியாணங்களில் கஃப்ரிஞ்ஞா, லான்சர்ஸ் இரண்டும் ஆடப்படுகின்றன. லான்சர்ஸில் நான்கு சோடிகள். யார், எப்போது, எப்பக்கம் நகர்வது என்பதெல்லாம் வகுத்த ஒழுங்கு.

கஃப்ரிஞ்ஞா மெட்டில் 1940களில் சிங்களச் சொற்களைப் போட்டுப் பைலாவைப் பரப்பியவர் வொலி பெஸ்டியன், பொலிஸ்காரர். பைலாவுக்குக் கட்டாய அடி கிடையாது. ஆறு எண்ணிக்கை, அதில் இரண்டு அழுத்தம். அழுத்தத்தில் கால் விழுந்தால் போதும். இடையில் தோளைக் குலுக்கலாம், சுற்றலாம், பின்வாங்கிச் சீண்டலாம். தோட்டத்துக் கலியாணங்களில் தப்படிக்குப் பழகிய கால்கள் அந்த அடியையே இதற்குள் கொண்டுவரும். எதிரில் ஆடுபவரின் கண்ணைப் பார்த்துத்தான் குறும்பு. அவர் பதிலுக்கு ஆடாவிட்டால் விட்டுவிட வேண்டும். சிலருக்கு இது விளங்குவதில்லை.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை டச்பார் பறங்கியர் பலரைக் கொண்டுபோனது. ஒருவர் குறைந்தாலும் லான்சர்ஸுக்கு எட்டுப் பேர் சேராது. பைலாவுக்கு அந்தக் கணக்கில்லை. சோடியை இழந்தவரும் எழுந்து ஆடலாம்.